வேல்ஸைப் புரிந்துகொள்ள ஒரு சாலை: ஏ470இல் மூன்று நாள்

கேள்வி இதுதான்: லண்டன் வரும் இருவர் மூன்று நாள் கார் எடுத்துக்கொண்டு வேல்ஸ் போக நினைக்கிறார்கள். கோட்டைகளின் பட்டியல் கையில் இருக்கிறது. ஆனால் "நாங்கள் இங்கிலாந்து இல்லை" என்று வேல்ஸ் மக்கள் சொல்வதன் பொருள் போகிற வழியிலேயே கண்ணில் படவேண்டும். எந்தப் பாதை?

ஏ470. தெற்கே கார்டிஃப் துறைமுகப் பகுதியில் தொடங்கி வடக்கே லான்டிட்னோ கடற்கரையில் முடிகிறது. ஏறத்தாழ 186 மைல், அதாவது 300 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் ஐந்து மணி நேரம். இது ஒரே சாலையாகப் போடப்பட்டதில்லை. 1970களில் ஏற்கெனவே இருந்த துண்டுச் சாலைகளைக் கோத்து ஒரே எண் கொடுத்தார்கள். வேல்ஸின் பழைய சாலைகளும் ரயில்பாதைகளும் நிலக்கரியையும் ஸ்லேட் கல்லையும் துறைமுகத்துக்கோ இங்கிலாந்துக்கோ வெளியேற்றப் போட்டவை. தெற்கையும் வடக்கையும் இணைக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

இதன் விளைவை காரில் ஏறியதுமே பார்க்கலாம். கார்டிஃபிலிருந்து லான்டிட்னோ என்று நேவிகேஷனில் போட்டால், பல நேரம் அது ஹெரெஃபோர்டு, ஷ்ரூஸ்பரி வழியாக இங்கிலாந்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். வேல்ஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேல்ஸை விட்டு வெளியேறச் சொல்லும். அதனால் மெர்த்தர் டிட்வில், ரேயடர், டொல்கெத்லை என்ற மூன்று ஊர்களையும் இடைநிறுத்தமாகப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மலைப்பகுதியில் சிக்னல் அடிக்கடி போய்விடும். வரைபடத்தை முன்பே இறக்கிவைப்பது நல்லது.

வண்டி பற்றிச் சுருக்கமாக: சுற்றுலா வருபவர்கள் இந்திய லைசென்ஸில் 12 மாதம் வரை ஓட்டலாம், சில வாடகை நிறுவனங்கள் சர்வதேச அனுமதியும் கேட்கும். ஆட்டோமேடிக் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம், வேகம் மைலில். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஊருக்குள் இருக்கும் வேகவரம்பு. 2023 செப்டம்பர் 17 முதல் வேல்ஸில் தெருவிளக்கு உள்ள குடியிருப்புச் சாலைகளில் பொதுவரம்பு 20 மைல். இங்கிலாந்தில் அது 30. இடையிடையே நினைவூட்டும் பலகை இருக்காது. தெருவிளக்கு வரிசை தெரிந்து, 30 என்று பலகை இல்லையென்றால் 20 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விதிக்கு எதிரான மனுவில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள், பிறகு சில சாலைகள் 30க்குத் திரும்பின. ஆனாலும் இதைப் போட்டதும் கார்டிஃபில் இருக்கும் வேல்ஸ் அரசுதான், திட்டு வாங்கியதும் அதுதான். வேல்ஸுக்குத் தனி அவை வந்த 1999க்கு முன்பாக இருந்தால் இரண்டுமே லண்டனுக்குப் போயிருக்கும்.

கிளம்புமுன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய சட்டகம் ஒன்று உண்டு. அரசியல் ஆய்வாளர் டெனிஸ் பால்சம் 1985இல் வேல்ஸை மூன்றாகப் பிரித்தார். மேற்கிலும் வடமேற்கிலும் வெல்ஷ் மொழி புழங்கும் நாடு. தெற்குப் பள்ளத்தாக்குகளில் மொழி போய்விட்டது, "நான் வெல்ஷ்" என்ற உணர்வு மட்டும் அழுத்தமாக நிற்கிறது. கிழக்கெல்லையிலும் கடற்கரைகளிலும் தங்களை பிரிட்டிஷ் என்று சொல்லிக்கொள்வோர் அதிகம். கோடுகள் இப்போது மங்கியிருந்தாலும் படம் இன்னும் பயன்படுகிறது. ஏ470 இந்த மூன்றின் ஊடாகவும் போகிறது.

மொழிக்கணக்கும் தெரிந்திருக்கட்டும். 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம், சுமார் 5.38 லட்சம் பேர். "வெல்ஷ் மட்டுமே" என்று அடையாளம் சொன்னவர்கள் 55.2 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் மூன்று நாளும் பார்க்கப்போகிறீர்கள்.

முதலில் பலகைகளைப் படிக்கப் பழகுங்கள். எல்லாம் இருமொழி, இரண்டு பெயரைப் பார்த்து இரண்டு ஊர் என்று குழம்பி ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வருபவர்கள் உண்டு. பிரெக்கன்தான் அபெர்ஹொன்தி. பில்த் வெல்ஸ்தான் ஹ்லான்வைர்-அம்-மியல்ட். கார்டிஃப் என்பது கைர்தீத். வெல்ஷில் ஏன் எழுத்து மாறுகிறது என்று திகைக்க வேண்டாம்: முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதலெழுத்து திரியும். நாட்டின் பெயர் 'கம்ரி'. எல்லைப் பலகையில் 'க்ரோய்சோ இ கம்ரி' (வேல்ஸுக்கு நல்வரவு) என்று எழுதும்போது முதலெழுத்து மெலிந்து, 'கங்கை'யில் வரும் முதல் ககரம் போல ஒலிக்கும். புணர்ச்சி படித்துவிட்டு வந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

உச்சரிப்பிலும் நமக்கு ஒரு சௌகரியம். இரண்டு 'டி' சேர்ந்து வந்தால் அது 'அது' என்று சொல்லும்போது வரும் மென்மையான தகரம். தமிழ் நாக்குக்குப் பழக்கமானது. ஒற்றை 'எஃப்' வகர ஒலி, இரட்டை 'எஃப்' தான் ஃபகரம். 'டபிள்யூ' பெரும்பாலும் உகரம். இரண்டு 'எல்' சேர்ந்தால்தான் சிக்கல்: லகரம் சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் இரு பக்கமும் காற்றை ஊத வேண்டும். ழகரமும் இல்லை, ளகரமும் இல்லை. தப்பாகச் சொன்னாலும் முயன்றதற்கே சிரித்த முகம் கிடைக்கும்.

இந்தப் பலகைகள் தானாக வந்தவை அல்ல. 1962 பிப்ரவரியில் சான்டர்ஸ் லூயிஸ் வானொலியில் மொழியின் கதி பற்றி ஆற்றிய உரை, அதே ஆண்டு வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றக் காரணமாயிற்று. 1960களின் இறுதியில் அதன் இளைஞர்கள் ஆங்கிலம் மட்டும் இருந்த பலகைகளில் பச்சை பெயின்ட் பூசினார்கள், கழற்றிக்கொண்டு போனார்கள், சிறைக்கும் போனார்கள். 1972இல் அரசுக் குழு இருமொழிப் பலகைக்குப் பரிந்துரைத்தது. எந்த மொழி மேலே என்பதை அந்தந்தப் பகுதிக்கு விட்டார்கள். தெற்கில் பழைய பலகைகளில் ஆங்கிலம் மேலே, வடமேற்கிலுள்ள க்வினெத் மாவட்டத்தில் வெல்ஷ் மேலே. 2016க்குப் பின் வைத்த புதியவற்றில் பொதுவாக எங்கும் வெல்ஷ் மேலே. ஆக, தெற்கில் ஒரு பலகையைப் பார்த்தே அதன் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். மொழிபெயர்ப்பில் விபத்தும் நடந்திருக்கிறது. 2008இல் ஸ்வான்சியில் ஒரு சாலைப் பலகையின் வெல்ஷ் பகுதியில் "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பிவையுங்கள்" என்று அச்சாகி நின்றது. மொழிபெயர்ப்பாளரின் தானியங்கி மின்னஞ்சல் பதிலை மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

லண்டனிலிருந்து எம்4 வழியாக செவர்ன் கழிமுகப் பாலத்தைக் கடந்து நுழைவீர்கள். 2018 டிசம்பர் வரை இங்கே சுங்கம் உண்டு, அதுவும் வேல்ஸுக்குள் வரும் திசையில் மட்டும். வெளியே போவது இலவசம். அந்த நகைச்சுவையை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளும்.

கார்டிஃபில் ஒரு இடம் போதும்: செனெத், அதாவது வேல்ஸின் நாடாளுமன்றம். கண்ணாடிச் சுவர், வெல்ஷ் ஸ்லேட் கல் தளம், 2006இல் திறந்தது. செவ்வாய், புதன் பிற்பகல்களில் கூட்டம் நடக்கும் வாரமானால் பார்வையாளர் மாடத்தில் உட்காரலாம். காதில் மாட்டும் கருவியைக் கவனியுங்கள். மொழிபெயர்ப்பு வெல்ஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மட்டும்தான். எதிர்த்திசையில் தேவையில்லை, வெல்ஷ் பேசும் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். இருமொழி நாடு என்பதன் உண்மையான எடை அந்த ஒரு கம்பியில் தெரிகிறது. 1979 வாக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பங்கினர் இப்படியொரு அவையே வேண்டாம் என்றார்கள். 1997இல் 50.3 சதவீதம் வேண்டும் என்றது, வித்தியாசம் வெறும் 6,721 வாக்கு. கார்டிஃப் தலைநகரமானதே 1955இல்தான். பழமையான மக்கள், புத்தம்புது நாடு.

வடக்கே திரும்பினால் மெர்த்தர் வரை இரட்டைச் சாலை. பொன்டப்ரீத் அருகே காற்று மாசுக்காக 50 மைல் வரம்பு இருக்கிறது, கேமராவும் உண்டு. பொன்டப்ரீத்தில் இறங்கி அனிசாங்கரட் பூங்காவுக்குப் போங்கள். தேசிய கீதத்துக்கு 1856இல் சொல் எழுதிய நெசவாளர் எவன் ஜேம்ஸுக்கும் இசையமைத்த மகன் ஜேம்ஸ் ஜேம்ஸுக்கும் அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. கீதத்தின் முடிவு, பழைய மொழி நிலைக்கட்டும் என்ற வேண்டுதல். ரக்பி நாளில் கார்டிஃப் மைதானத்தில் எழுபதாயிரம் பேர் அதை வெல்ஷில் பாடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த மொழி பேச வராது. சுரங்க வேலைக்கு வெளியிலிருந்து வந்து குவிந்த கூட்டம், ஆங்கிலமே முன்னேற்றம் என்று நடந்த பள்ளிகள், வெல்ஷ் பேசுவதால்தான் மக்கள் பின்தங்கினார்கள் என்று எழுதிய 1847 அரசு அறிக்கை — எல்லாம் சேர்ந்து பள்ளத்தாக்குகளில் மொழியைக் கரைத்தன. மெர்த்தரில் இன்று பேசுவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் "நான் வெல்ஷ்" என்போர் மிக அதிகம் உள்ள பகுதிகளில் அதுவும் ஒன்று. வெல்ஷ் தெரியாத பெற்றோர் பிள்ளைகளை வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்ப்பதும் இங்கேதான்.

மெர்த்தருக்குச் சற்று முன் மலைச்சரிவில் வரிசையாக வெள்ளை வளைவுகள் தெரியும். அது அபர்வான் கல்லறை. 1966 அக்டோபர் 21, காலை 9.15 அளவில், மழையில் ஊறிய நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளியை மூடியது. இறந்தவர் 144, அதில் குழந்தைகள் 116. நீரூற்றின் மேல் கழிவைக் கொட்டியதுதான் காரணம், ஊரார் எச்சரித்தும் இருந்தார்கள். அதன் பின் நடந்தது இன்னும் கசப்பு: மிச்சமிருந்த மேடுகளை அகற்ற, மக்கள் கொடுத்த நன்கொடை நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்தார்கள். அந்தத் தொகை 1997இல்தான் திரும்பியது, வட்டியில்லாமல். பள்ளி இருந்த இடத்தில் இப்போது தோட்டம். போவதானால் அமைதியாகப் போய்வாருங்கள், கேமரா காரிலேயே இருக்கட்டும்.

மெர்த்தருக்கு மேல் சாலை பன்னை பிரெஹெய்னியோக் மலைக்குள் ஏறுகிறது. இது ஒரு தேசியப் பூங்கா. 2023 ஏப்ரலில் அதன் நிர்வாகம் 'பிரெக்கன் பீக்கன்ஸ்' என்ற பெயரை விட்டது. 886 மீட்டர் பென்-அ-வான் சிகரத்துக்குக் கீழுள்ள கார் நிறுத்தம் சனி, ஞாயிறு காலையிலேயே நிரம்பிவிடும். ஓரத்தில் நிறுத்தினால் அபராதம். அடையாளம் தேடி வந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

பில்த் வெல்ஸிலிருந்து மேற்கே ஏ483இல் ஐந்து நிமிடம் போனால் கில்மெரி. சாலையோரம் செங்குத்தாக ஒரு கருங்கல். கடைசி சுதந்திர இளவரசர் ஹ்லெவெலின் 1282 டிசம்பர் 11 அன்று கொல்லப்பட்ட இடம். டிக்கெட் இல்லை, கடை இல்லை. ஆண்டுதோறும் அந்தத் தேதியை ஒட்டி மலர்வளையத்தோடு கூடுகிறார்கள். மூன்றாம் நாள் வடக்கில் பார்க்கப்போகும் கான்வி கோட்டை அவர் இறந்த மறு ஆண்டே கட்டத் தொடங்கியது. கோட்டைகளை மட்டும் பார்த்துவிட்டு வேல்ஸைப் பார்த்தேன் என்பவர்கள், ஜெயித்தவன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊரைத் தெரியும் என்பவர்கள்.

முதல் இரவு ரேயடரில் தங்கலாம். பெட்ரோலையும் இங்கேயே நிரப்பிவிடுங்கள். பக்கத்திலுள்ள ஏலன் பள்ளத்தாக்கு அணைகள் 1904இல் திறந்தவை. தண்ணீர் 73 மைல் தூரம் புவியீர்ப்பிலேயே ஓடி பர்மிங்ஹாமுக்குப் போகிறது. அங்கே வசித்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் நில உரிமையாளர்களுக்குத்தான் இழப்பீடு கிடைத்தது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் வேண்டும்.

நமக்கான ஒரு கிளைவழி இங்கிருந்து உண்டு. கைர்சூஸ் அருகே கிழக்கே திரும்பி நியூடவுன் வழியாக வெல்ஷ்பூல் போனால் பவிஸ் கோட்டை. 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பச் சொத்தாக இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் வந்த திப்பு சுல்தானின் கூடாரமும் சிம்மாசனப் புலித்தலையும் அங்கே இருக்கின்றன. வேல்ஸ் அடக்கப்பட்ட நாடு மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அரை நாள் ஒதுக்க வேண்டிய இடம் இது.

கிளைவழி வேண்டாமென்றால் நேராகப் போய் கெமேஸ் ரோட்டில் ஏ489க்குத் திரும்பி மஹன்ஹ்லெத் போய்வரலாம், ஆறு மைல்தான். ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த ஓவைன் க்ளின்தூர் 1404இல் பாராளுமன்றம் கூட்டிய ஊர். கிளர்ச்சி தோற்றது, ஆனால் அவரைப் பிடிக்கவும் முடியவில்லை, யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இரவு டொல்கெத்லையில். இங்கிருந்துதான் மொழி காதில் விழத் தொடங்கும். க்வினெத் மாவட்டத்தில் 64.4 சதவீதம் பேர் பேசுகிறார்கள். "நாங்கள் கடைக்குள் நுழைந்ததும் அவர்கள் வெல்ஷுக்கு மாறிவிட்டார்கள்" என்பது பயணிகள் ஓயாமல் சொல்லும் புகார். பெரும்பாலும் நீங்கள் நுழையும் முன்பும் அவர்கள் அதில்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். 'போரெ தா' (காலை வணக்கம்), 'தியோல்ஹ்' (நன்றி) இரண்டும் போதும்.

மூன்றாம் நாள்தான் கனமானது. எட்டு மணிக்குக் கிளம்புங்கள். ட்ராஸ்வனித்தில் புறவழிச்சாலை ஊரைத் தவிர்த்துப் போய்விடும், உள்ளே திரும்புங்கள். தெருவில் ஒரு மேய்ப்பனின் வெண்கலச் சிலை: கவிஞர் ஹெத் வின். 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியப் போர்க்களத்தில் இறந்தார். ஐந்து வாரம் கழித்து தேசிய ஐஸ்டெத்வோத் கலைவிழாவில் கவிதைக்கான நாற்காலியை வென்றவரின் புனைபெயரை அறிவித்தார்கள். யாரும் எழவில்லை. வென்றவர் இறந்துவிட்டார் என்று சொல்லி, நாற்காலிமேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். பெல்ஜிய அகதி ஒருவர் செதுக்கிய அந்த நாற்காலி ஊருக்கு வெளியே அவருடைய பண்ணைவீடான அர் அஸ்குர்னில் இருக்கிறது. குளிர்காலத்தில் மூடியிருக்கும், திறப்பு நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். மரபுக் கவிதைக்கு நாற்காலி பரிசு கொடுத்து, அதை நாட்டின் பெரிய செய்தியாக்கும் வழக்கம் இன்றும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடக்கிறது. அந்த வாரம் பயணம் அமைந்தால் விழா நடக்கும் ஊருக்கே போய்விடுங்கள்.

அங்கிருந்து ஏ4212இல் பாலா திசையில் சுமார் இருபது நிமிடம் போனால் ஹ்லின் கெலின் ஏரி. அழகாக இருக்கும், சாலை அதன் கரையோடு ஓடும். அடியில் கபெல் கெலின் என்ற ஊர் கிடக்கிறது: பள்ளி, தபால் நிலையம், தேவாலயம், கல்லறை. லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீருக்காக 1957இல் லண்டன் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. அப்படிச் செய்தால் உள்ளூர் திட்ட அனுமதி தேவையில்லை. வேல்ஸின் 36 எம்.பி.க்களில் 35 பேர் எதிர்த்தும் பயனில்லை. ஊரில் இருந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தார்கள், 1965இல் தண்ணீர் நிரம்பியது. ஆட்கணக்கில் சின்னது, ஏலனில் இதைவிட அதிகம் பேர் போனார்கள், நாடு திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே போனது முழுக்க வெல்ஷ் பேசிய ஊர். ஏறக்குறைய மொத்தப் பிரதிநிதிகளும் வேண்டாம் என்றாலும் நடக்கும் என்பதும் அன்று பட்டவர்த்தனமாயிற்று. அடுத்த ஆண்டே தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் முதல் எம்.பி. வென்றார். லிவர்பூல் மாநகராட்சி 2005இல் மன்னிப்புக் கேட்டது. கரையில் நினைவு தேவாலயம் இருக்கிறது. நீர் இறங்கும் வறண்ட கோடையில் பழைய சுவர்கள் தலைகாட்டும்.

கார்களின் பின்னால் சிவப்பில் வெள்ளையாக இரண்டு வெல்ஷ் சொற்கள் ஒட்டியிருப்பதை வழியெல்லாம் பார்த்திருப்பீர்கள்: 'ட்ரெவெரினை நினைவில் வையுங்கள்'. அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் அது. மூலம் அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே ஏ487 ஓரம் உள்ள ஒரு இடிந்த வீட்டுச் சுவர். 1960களில் முதலில் எழுதியபோது புணர்ச்சி விதிப்படி மெலிய வேண்டிய முதலெழுத்து மெலியாமல் நின்றது. பின்னால் வந்து பூசியவர்கள் இலக்கணத்தையும் சேர்த்துத் திருத்தினார்கள். 2019இல் யாரோ அதைச் சிதைத்ததும் நாடு முழுக்க சுவர்களில் நகல்கள் முளைத்தன.

திரும்பி ஏ470க்கு வந்தால் பிளைனை ஃபெஸ்டினியோக். நான்கு பக்கமும் தேசியப் பூங்கா, நடுவில் இந்த ஊரை மட்டும் 1951இல் ஓட்டை போட்டு விட்டுவிட்டார்கள், கழிவுமேடுகள் அசிங்கம் என்று. 2021இல் யுனெஸ்கோ அதே மேடுகளை உலக மரபுச் சின்னத்தில் சேர்த்தது. ஹ்லெஹ்வெத் சுரங்கத்தில் உளியை வைத்துத் தட்டி ஸ்லேட்டைப் பிளப்பதைக் காட்டுவார்கள். கூரை ஓடுகளின் அளவுகளுக்கு டச்சஸ், கவுன்டெஸ், லேடி என்று ஆங்கிலப் பிரபுக் குடும்பப் பெண்களின் பட்டங்கள்; உடைத்தவர்கள் பேசியது முழுக்க வெல்ஷ். சாப்பாட்டு வேளையில் 'கபான்' என்ற கொட்டகையில் கூடி அரசியலும் இறையியலும் விவாதித்தார்கள், கவிதைப் போட்டி நடத்தினார்கள். மழைக்கோட்டு எடுத்துப்போங்கள்.

க்ரைமியா கணவாயைத் தாண்டி இறங்கினால் டோல்விதெலன். வெல்ஷ் இளவரசர்கள் கட்டிய கோட்டை, சின்னது, முரட்டுத்தனமானது. அருகே வைப்ர்நான்ட் பள்ளத்தாக்கில் பைபிளை வெல்ஷில் முழுமையாகக் கொண்டுவந்த வில்லியம் மார்கன் பிறந்த வீடு. 1588இல் வந்த அந்த நூல் ஆங்கிலமே ஆட்சிமொழி என்ற காலத்தில் மொழிக்கு ஒரு தரமான எழுத்துவடிவைக் கொடுத்து ஞாயிறுதோறும் காதில் ஒலிக்கவைத்தது. அங்கே போகும் பாதை ஒரு கார் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம் வரை பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஹ்லான்ரூஸ்ட்டில் டீ. "வேல்ஸ், இங்கிலாந்து, ஹ்லான்ரூஸ்ட்" என்று தன்னைத் தனி நாடாகச் சொல்லிக்கொள்ளும் ஊர். இறைச்சி சாப்பிடாதவர்கள் மெனுவில் க்ளமார்கன் சாசேஜ் இருந்தால் தயங்காமல் கேட்கலாம், பெயர்தான் அப்படி. பாலாடைக்கட்டியும் லீக் கீரையும் கலந்தது, முட்டையும் சேர்ந்திருக்கலாம். பிறகு ஆற்றின் எதிர்க்கரையில் கான்வி கோட்டை, கடைசியில் லான்டிட்னோ: விக்டோரியா காலத்து விடுதிகள், வரிசையாக ஒரே வெளிர் நிறம். காதில் விழுவது வடமேற்கு இங்கிலாந்தின் ஆங்கிலம். அரை மணி நேரத்தில் பால்சம் சொன்ன இரண்டு வேல்ஸ்களைக் கடந்திருப்பீர்கள்.

காரை இங்கேயே விட்டுவிட்டு ரயிலில் திரும்பலாம். வேறு ஊரில் விடுவதற்கான கட்டணத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லான்டிட்னோ ஜங்ஷனிலிருந்து கார்டிஃபுக்கு நேரடி ரயில் உண்டு, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் செஸ்டர், ஷ்ரூஸ்பரி, ஹெரெஃபோர்டு. மூன்றும் இங்கிலாந்தில்தான் இருக்கின்றன.